கசந்த சுரைக்காய்ச் சாறு

பச்சைச் சுரைக்காயை மிக்ஸியில் அடிக்கும்போது ஒரு வாசம் கிளம்பும். ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்து மறுநாள் அவிழ்த்த புல்லின் வாசம். அதே காயைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தாளித்தால் அந்த வாசம் இருந்த இடம் தெரியாது. பச்சையாக இருக்கும்போதுதான் மூக்கில் ஏறித் தொண்டையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நான் சமையல் பொறுப்பில் இருக்கிறேன். கோழிக்குடலை அள்ளியிருக்கிறேன். அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் கையை விட்டிருக்கிறேன். எதற்கும் முகம் சுளித்தவள் இல்லை. இந்த ஒரு வாசத்துக்கு மட்டும் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். அடிவாரத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மேலே வருவார், வெளியூர்க்காரர்களுக்கு இடம் சுற்றிக் காட்டுவார், கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குச் சாமான் கொண்டுபோவார். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்ததே கிடையாது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஒரு டீ, டீயோடு போண்டா. ராத்திரிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவைக் குளம் கட்ட ஊற்றி, மென்றும் மெல்லாமலும் உள்ளே தள்ளுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது நான் அதிர்ச்சி அடைந்ததாகச் சொன்னால் அது பொய். செருப்புக் கடித்த புண் ஒன்று காலில் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. அதன் நாற்றம் வீட்டுக்குள் வர ஆரம்பித்த பிறகுதான் அவரை வம்படியாகச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே பார்த்த டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தார். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டச் சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைக் காயும் கீரையும் பயறும் நிரப்பட்டும் என்றார். டீயில் சர்க்கரை வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய வியாதிக்கு இவ்வளவு சாதாரணமான பதிலா என்று அவருக்கு மனக்குறை. கீரை தின்னச் சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு என்று என்னிடமே கேட்டார். இருந்தாலும் மாத்திரை சாப்பிட்டார். புண் ஆறியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லாட்ஜுக்கு இயற்கை உணவு முகாம் வந்தது. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. நடத்துபவர் சமவெளிக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. எல்லோரும் அவரை ஐயா என்றே கூப்பிட்டார்கள். கீழே சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் காரில் வருவார்கள். காரில் வராதவர்களை அடிவாரத்திலிருந்து ஏற்றி வருவது என் வீட்டுக்காரர் வேலை.

முகாம் நடக்கும் இரண்டு நாளும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அவல் ஊறவைத்துத் தேங்காய்த் துருவல் போட வேண்டும். முளைகட்டிய பயறு, துருவிய பீட்ரூட், காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு. மலையில் குளிருக்குப் பயறு லேசில் முளைக்காது. ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் முளைக்கு முன்னால் நொசநொசவென்று ஒரு பிசின் வரும். துணியை அவிழ்த்தால் அழுக்குத் துணி மூட்டை வாடை. இதைக் கொட்டிவிடலாமா என்று கேட்டேன். உயிருள்ள உணவுக்கு வாசம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி ஐயா அதையே பரிமாறச் சொன்னார். தட்டில் கொத்தமல்லியும் மாதுளை முத்தும் தூவியதும் எல்லோரும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். தின்னும்போது அவர்கள் முகத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

நான் பார்த்தவரை அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததைத்தான் தானும் குடித்தார். தான் சொல்வதை முழுதாக நம்பினார். எனக்கு அவர் மேல் வந்த அருவருப்பு அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான். எல்லாப் பேச்சிலும் ஒரு வரியைத் தவறாமல் சொல்வார்.

"உங்க நாக்குதான் உங்களுக்கு எதிரி. நாக்கு எதைத் துப்பச் சொல்லுதோ, அதைத்தான் உடம்பு கேட்டுட்டு இருக்கு."

ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், கடைசி வரிசையில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டார். டாக்டரம்மா கொடுக்காத ஒன்றை அந்த ஆள் கொடுத்துவிட்டார். வியாதிக்கு ஏற்ற அளவில் ஒரு யுத்தம்.

அதற்கடுத்த வாரங்களில் எங்கள் வீடு மாறிப்போனது. விடிந்ததும் மிக்ஸிச் சத்தம், அந்த வாசம். ஜன்னலில் துணி மூட்டைகள் தொங்கின. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டித் தட்டில் வைத்திருப்பார். நான் ஆக்கிய குழம்பைச் செத்த உணவு என்றார். அந்த வார்த்தையை என் அடுப்புக்கு முன்னால் நின்று சொன்னார். அவர் வாயிலிருந்து அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை வர ஆரம்பித்தது. பக்கத்தில் படுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆள் இளைத்தார். ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் வயது குறைந்துவிட்டது என்று புகழ்ந்தார்கள். எனக்கு அவருடைய வெளுத்த உதடும் குழி விழுந்த கன்னமும்தான் தெரிந்தன. ஜீப்பைக் கழுவும்போது முன்பெட்டியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தேன். அன்றைக்குப் பெரிய சண்டை. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகளும் போனில் அழுது பார்த்தாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள், டாக்டருக்கே நான் பாடம் சொல்கிறேன் என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு மழைக்காலக் காலை. நான் லாட்ஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் சாறு அடித்து, வடிகட்டாமல் பெரிய டம்ளரில் ஊற்றிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, தோள்பட்டையைக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன என்று கேட்டேன்.

"இன்னைக்கு நொம்பக் கசக்குது புள்ள. கசந்தாத்தான் வேலை செய்யுது."

மீதியையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவ எடுத்தபோது எனக்கு என்னவோ சந்தேகமாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த பச்சைக் கசண்டை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். பாகற்காய்க் கசப்புப் பழகினால் சுவைதான். இது அப்படி இல்லை. நாக்கில் பட்ட இடம் மரத்துப்போனது போலாகி, வாய் முழுவதும் எச்சில் ஊறியது. உடனே துப்பினேன். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தும் போகவில்லை.

தலை சீவி முடிப்பதற்குள் அவர் பின்பக்கம் ஓடினார். முதலில் பச்சையாக வாந்தி. பிறகு மஞ்சளாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கும் வாசலுக்குமாக அலைந்தார். கடைசியில் கக்கூஸ் வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது. அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. அடுத்த வாந்தியில் சிவப்பாக வந்தது. வெற்றிலை எச்சிலோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

அப்படிக் கிடந்தும் அவர் கேட்டது போனை. ஐயாவுக்குப் போடச் சொன்னார். போட்டு, சத்தமாக வைத்து, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நல்ல விஷயம் நடந்துட்டு இருக்கு. பல வருஷத்துக் கழிவு வெளியேறுது. மருந்து கிருந்து குடுத்துத் தடுத்துறாதீங்க."

"ரத்தமா எடுக்கறாருங்க."

"கெட்ட ரத்தம்தானே, போகட்டும்."

நான் போனை அணைத்தேன். என் கை முழுவதும் அவருடைய வாந்தி. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

அடுத்த வீட்டில் இருப்பவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, வீட்டுக்காரரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார். தலை என் மடியில். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் வயிறு புரண்டது. பையெல்லாம் நிறைந்து, கடைசியில் என் முந்தானையில் பிடித்தேன். மழை பெய்ததால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஒரு வளைவில் வெளியூர்க் கார்கள் வழியை மறித்து நின்றன. இறங்கியவர்கள் குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, பார்க்காதே என்று பிள்ளையைத் திருப்பினாள். ஓட்டிய தம்பி ஆரனிலிருந்து கையை எடுக்காமல் அவர்களை ஒதுக்கிவிட்டார். வீட்டுக்காரரின் கை அதற்குள் சில்லிட்டுப் போயிருந்தது.

"ஏனுங்க, தூங்காதீங்க. அடிவாரம் வந்துருச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வர இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.

சேலம் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை உள்ளே வெந்துபோன மாதிரி புண்ணாகி ரத்தம் கசிவதாகச் சொன்னார்கள். முன்பு பார்த்த அதே டாக்டரம்மாதான் வந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சுரைக்காய்ச் சாறு என்றேன்.

"கசந்துதாம்மா?"

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். சுரைக்காய், வெள்ளரி போன்ற காய்களில் சிலசமயம் கடுமையான கசப்பு ஏறிவிடும். அந்தக் கசப்பே விஷம். வெளியில் பார்த்தால் தெரியாது. வேகவைத்தாலும் போகாது. ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும். அதற்குத் தனி மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும், தாமதிக்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாக்கு எதுக்கும்மா இருக்கு? துப்பறதுக்குந்தான் இருக்கு," என்றார்.

கண்டம் தாண்டியது என்று அவர்கள் சொல்லும்வரை நான் அந்தச் சேலையோடே இருந்தேன். மகள் வந்து மாற்றுச் சேலை கொடுத்த பிறகுதான் என் மேல் அடித்த வாடை எனக்கே உறைத்தது. குழாயடியில் அதைத் துவைக்கப் போனவள், துவைக்காமல் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு வீட்டுக்காரர் போனைக் கேட்டார். முகாம்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐயா ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். யார் எவர் என்று சொல்லாமல், மலையில் ஒரு அன்பர் அரைகுறை மனதோடு சாறு குடித்தார், திருட்டுத்தனமாகக் கண்டதையும் தின்றிருப்பார், பிறகு பயந்துபோய் ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டார், பாதியில் ஓடுகிறவர்களுக்கு இதுதான் கதி என்று பேசியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். வீட்டுக்காரர் அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டார். அந்த மாதங்களில் அவர் போண்டாவைத் தொட்டதுகூட இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"நான் செத்திருந்தா, கழிவெல்லாம் சுத்தமாப் போயிருச்சுன்னு சொல்லியிருப்பான், இல்ல புள்ள?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடு திரும்பி அவர் கஞ்சியும் குழைந்த சோறுமாகத் தேறிக்கொண்டிருந்தபோது அடுத்த முகாம் வந்தது. லாட்ஜ் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, சாறு மட்டும் என் கையால் அடிக்க மாட்டேன் என்றேன். அவருக்கு அது தர்மசங்கடம். முகாமை விட மனமில்லை, என்னையும் விட மனமில்லை. கடைசியில் முகாம்காரர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்.

ஞாயிறு காலை, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் டம்ளரோடு நின்றார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி ஒரு வாய் குடித்ததுமே கை கழுவும் தொட்டியில் போய் வாந்தி எடுத்தாள். கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆமாம், அவள் தொட்டியில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கைதட்டல். ஐயா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, பாக்கியசாலி என்றார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை அவள் முகத்தில் கொண்டுவந்தார்களே, அதைச் சொல்கிறேன்.

நான் அவளிடம் போகக் கிளம்பியபோது, வாசலில் என் வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்தேன். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. சட்டை அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமே இல்லாத ஆள். கூடத்துக்குள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம். நானும் இதைக் குடிச்சவன்தானுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. எந்த நிறத்தில் வாந்தி எடுத்தார், எங்கே உட்கார்ந்தார், வேட்டியில் என்ன ஆனது, என் முந்தானையில் என்ன நிறைந்தது, குழாய் விட்டுப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று சாமான் இறக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். ஒருவர் டம்ளரை மேசையில் வைத்தார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயாவின் முகம் முதல்முறையாகச் சுளித்தது.

"எல்லாரும் குடிக்கப்போற நேரத்துல இந்த அசிங்கமெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"நீங்கதானுங்க அன்னைக்கிப் போன்ல நல்ல விஷயம்னீங்க. அந்த நல்ல விஷயத்தைத்தான் சொல்லிட்டிருக்கறனுங்க."

அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை. முதலாளி வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். எவன் ஏவிவிட்டு இவன் வந்தான் என்று ஒருவர் கத்தினார். பாதிப்பேர் குடிக்கவில்லை. பாதிப்பேர் வீம்புக்கென்றே குடித்தார்கள். வாந்தி எடுத்த பெண் பின்பக்கமாகச் சமையலறைக்கு வந்தாள். கசந்ததா என்று கேட்டேன். இல்லை, பச்சை வாடைதான் சேரவில்லை என்றாள். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையை அவளும் நிறுத்தியிருந்தாள். மறுபடி ஆரம்பித்துவிடுங்கள், வீட்டுக்குப் போனதும் டாக்டரைப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டினாள். செய்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த மாதம் முகாம் எங்கள் லாட்ஜுக்கு வரவில்லை. மலையிலேயே வேறு எங்கோ நடப்பதாக ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது மிகவும் சாதாரணமான சாப்பாடு. காலையில் களியோ கம்பஞ்சோறோ, அதுவும் அளவாக. மத்தியானத்துக்கு ஒரு கை சோறு, கூடவே அவித்த தட்டைப்பயறு, கீரைக் கடைசல், சௌசௌப் பொரியல் என்று டப்பாவில் கட்டிக்கொடுத்துவிடுகிறேன். ராத்திரி விளக்கு வைத்ததும் சாப்பாடு முடிந்துவிடும். எஸ்டேட்டில் யாராவது பட்டர் ஃப்ரூட் கொடுத்தால் சர்க்கரை போடாமல் உப்பும் மிளகும் தூவித் தின்கிறோம். சாயங்காலம் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். நடைபாதை முழுக்க எண்ணெய்க் காகிதமும் ஐஸ்கிரீம் கப்பும் கிடக்கின்றன. கறுத்துப்போன எண்ணெயில் பஜ்ஜி மிதக்கிறது. எனக்கு அந்த வாடையும் ஆகவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கக் கற்றுக்கொண்டார். சில நாள் அடிவாரத்திலிருந்து வரும்போது மீசையில் போண்டா எண்ணெய் மினுங்கும். கேட்டால் ஒன்றுதான் என்பார். நான் அன்று ராத்திரி சோற்றைக் குறைத்துப் போடுவேன், அவரும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவார்.

சுரைக்காய் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. லாட்ஜில் கூட்டு வைக்கும்போது ஒவ்வொரு காயிலும் ஒரு கீற்று வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நறுக்குகிறேன். அந்த ஒரு கீற்றுக்கே வயிறு புரளும். பொறுத்துக்கொள்கிறேன். போன வாரம் சேலத்துக்குப் போனோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி சாப்பிடுங்கள் என்றார். மாத்திரையைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.